குளிர்மலையில் ஓர் ஆங்கில நகரம்

சித்திரை பிறந்ததும் கொழும்பு நகரத்து வெப்பத்தினின்று தப்ப விரும்பும் குடும்பங்கள் மலையேறத் தொடங்குகின்றன. வளைந்து வளைந்து செல்லும் வீதியின் இருமருங்கிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை மலைகள். கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் ஏறிய பின், மூடுபனி விலகுகிறது. நுவரெலியா நகரம் கண்முன் விரிகிறது.

செங்கல்லாற் கட்டிய தபாற் கந்தோர், சரிந்த கூரையும் புகைபோக்கியும் கொண்ட மாளிகைகள், ஏரிக்கரைப் படகுகள், குதிரைப் பந்தயத் திடல், கோல்ப் மைதானம், ரோஜாத் தோட்டங்கள்! முதன்முறை வருபவர், “இது இலங்கைதானா, அன்றி இங்கிலாந்தின் ஏதேனும் ஒரு கடற்கரைப் பட்டினமா?” என்று மயங்குவது இயல்பே. இதற்குச் ‘சின்ன இங்கிலாந்து’ என்னும் பெயர் வாய்த்ததும் வியப்பன்று.

கடலே இல்லாத மலையுச்சியில் கடற்கரைப் பட்டினத்தின் சாயல் வந்தது எவ்வாறு? அதை அறிய நாம் சற்று இங்கிலாந்துக்கே போய்வர வேண்டும்.

கடற்கரையும் மலையுச்சியும்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் ஒரு காலத்தில் மீனவர் வாழ்ந்த சிற்றூர். 1750-களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற வைத்தியர், கடல்நீரில் நீராடுவதும் அதனை அருந்துவதும் நோய் தீர்க்கும் என்று எழுதினார். நோயாளிகள் வந்தனர், அவர்களைத் தொடர்ந்து செல்வர்கள் வந்தனர். 1783-ல் இளவரசரே வந்தார். 1841-ல் இலண்டனிலிருந்து புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் பொதுமக்களும் திரண்டனர். மருந்து தேடிச் சென்ற இடம் உல்லாச நகரமாயிற்று.

கடல் கடந்து ஆளவந்த ஆங்கிலேயர் அதே வழக்கத்தை உடன் கொண்டுவந்தனர். ஆனால் வெப்ப நாட்டிலே கடற்கரை அவர்களுக்குக் குளிர்ச்சி தரவில்லை. ஆகவே மலையை நாடினர். உதகமண்டலமும் சிம்லாவும் எழுந்தது அப்படித்தான். நுவரெலியாவின் கதையும் அதுவே.

1819-ல் டாக்டர் ஜோன் டேவி என்பவர் இம்மலைச் சமவெளியைக் கண்டு அதன் சுவாத்தியத்தைப் புகழ்ந்தெழுதினார். பின்னர் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தமக்கொரு மாளிகை கட்டினார். நோயுற்ற படைவீரர் தேறுவதற்கு ஓர் ஆரோக்கிய நிலையமும் அமைக்கப்பட்டது. அந்த மாளிகையே பிற்காலத்தில் விரிவடைந்து ‘கிராண்ட் ஹோட்டல்’ ஆயிற்று.

பேக்கர் துரையின் பண்ணை

நுவரெலியாவை ஓர் ஆங்கிலக் கிராமமாகவே ஆக்கிவிட வேண்டுமென்று கனவு கண்டவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில், 1864-ல், ஆபிரிக்காவின் அல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற அதே பேக்கர்தான். யானை வேட்டைக்காக இலங்கை வந்த அவர், காட்டுக் காய்ச்சலால் மெலிந்து நுவரெலியாவுக்கு வந்தார். இரண்டே வாரத்திற் குணமடைந்தார். “இங்கேயே குடியேறிவிட்டால் என்ன?” என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

1848-ல் அவர் தம் குடும்பத்தையும் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர் முதலியோரையும் இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்தார். ஆடு, மாடு, குதிரை, வேட்டை நாய், கலப்பை, விதை யாவும் கப்பலில் வந்தன. ஆயினும் மலை அவரை எளிதில் வரவேற்கவில்லை. குதிரை வண்டி பாதாளத்திலே கவிழ்ந்தது. அருமையாகக் கொண்டுவந்த உயர்சாதிப் பசு, நகரை அடையுமுன் வழியிலேயே மாண்டது. விதைத்த உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. ஓட்ஸ் தானியத்தை மரைகளும் பன்றிகளும் பங்கிட்டுக்கொண்டன. பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றிய மண், உரமிட்டாலன்றி விளையாது என்பதைப் பேக்கர் பெருஞ்செலவு செய்தே கற்றுக்கொண்டார்.

காலப்போக்கில் நிலம் ஒருவாறு பண்பட்டது. ஆனால் 1855-ல் பேக்கர் இலங்கையை விட்டே போய்விட்டார். அவர் இங்கே குடியிருந்த காலத்தைப் பற்றி எழுதிய நூலின் பெயரிலும் ‘எட்டு ஆண்டுகள்’ என்ற சொற்கள் உள்ளன. வாசகர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகரம் வளர்ந்த விதம்

அவர் போன பின்னும் அவர் கனவு நின்றுவிடவில்லை. 1873-ல் தேசாதிபதி வில்லியம் கிறகரி சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். அதுவே கிறகரி வாவி. கடலில்லாக் குறையை அந்த ஏரி ஒருவாறு தீர்த்தது. 1875-ல் குதிரைப் பந்தயம் தொடங்கியது. 1876-ல் துரைமாருக்கென ‘ஹில் கிளப்’ எழுந்தது. 1885-ல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. பிரைட்டனுக்கு இலண்டன் பாதை எவ்வாறோ, நுவரெலியாவுக்கு இந்தப் பாதை அவ்வாறு. 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாகப் பூங்கா ஒன்றும் அமைந்தது.

சித்திரை மாதத்துக் கொண்டாட்டங்களான குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் அக்காலத்தின் எச்சங்களே. அன்று துரைமாருக்கு மட்டுமே உரியனவாயிருந்த அவ்விழாக்கள் இன்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தம் பிள்ளைகளோடு கூடிக் களிக்கும் புத்தாண்டு விழாக்களாகிவிட்டன.

இவ்வளவு ஆடம்பரத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்த மலைகளிலிருந்தே வந்தது. முதலில் கோப்பி. 1869-ல் இலைகளைத் தாக்கிய ஒரு நோய் சில ஆண்டுகளில் அதனை அழித்தது. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867-ல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மாண்ட மலைகளைத் தேயிலை மூடியது.

இன்னொரு பிரயாணம்

பேக்கரின் கப்பலைப் பற்றிப் புத்தகம் உண்டு. அதே காலத்தில் வேறொரு கூட்டமும் இம்மலைகளை நோக்கி வந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டுத் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள் அவர்கள். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தவர் எண்ணற்றோர். அவர்களுக்கு நடுகல் இல்லை.

கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலை அப்படிப்பட்டதன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். குறித்த நாளிற் பறிக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே குடும்பம் முழுவதும் தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது. பெண்கள் கூடை சுமந்து கொழுந்தெடுத்தனர். ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், கானும் பாதையும் வெட்டினர். விடியற்காலைப் பெரட்டுச் சத்தமே அவர்களுக்குக் கடிகாரம். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்துக் காம்பரா ஒன்றே ஒரு குடும்பத்துக்கு வீடு.

ஆங்கிலேயர் தம் நாட்டு ரோஜாவையும் பந்தயத்தையும் கொண்டுவந்தனர் அல்லவா? இவர்களும் தம் ஊரைக் கொண்டுவந்தனர். மாரியம்மனுக்கு மலையடிவாரத்திற் கோயில் எழுப்பினர். மாசி மாதத்திலே காமன் கூத்து ஆடினர். மன்மதன் எரிந்ததும் இரதி அழும் அழுகையில், வழிநடையில் கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்கள் தம் துயரையும் கேட்டிருக்கமாட்டார்களா? தப்பின் ஒலி கேட்டால் லயமெல்லாம் விழித்துக்கொள்ளும். அக்கூத்து இன்றும் பல தோட்டங்களில் நடைபெறுகிறது.

யாருடைய ஊர்?

எட்டு ஆண்டு மாத்திரம் இருந்த பேக்கரை வரலாறு இந்நகரை உருவாக்கியவர்களுள் ஒருவராக எழுதியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை என்ன சொல்லிற்று?

1947-ல் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். நுவரெலியாத் தொகுதியின் உறுப்பினராகச் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். ஆனால் அடுத்த ஆண்டே, 1948-ன் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜைகளாக வேண்டும் என்று கணக்கிட்டது. கொழுந்தைத் தராசிலிட்டு நிறுப்பதுபோல் மனிதரைப் பங்கிட்ட அந்நாட்களில், அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பிரஜாவுரிமை கிட்டியது.

இன்று இம்மக்களின் பிள்ளைகள் ஆசிரியராக, வைத்தியராக, சட்டத்தரணியாக விளங்குகின்றனர். இந்திய அரசின் உதவியோடு தனிவீடுகளும் எழுந்துள்ளன. ஆயினும் பழைய லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர். தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லாதோரும் பலர்.

பேக்கரின் பண்ணையிற் புழுதின்ற உருளைக்கிழங்கு இன்று நுவரெலியாவின் பெயர் சொல்லும் விளைபொருள். கோவாவும் கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அந்நியச் செடியென்று அவற்றை எவரும் சொல்வதில்லை. தேயிலையும் வேற்று நாட்டுச் செடிதான். எனினும் உலகம் அதை இலங்கையின் பெயராலேயே அறிகிறது. மண்ணிலே வேரூன்றிப் பலன் தந்த எதுவும் அம்மண்ணுக்கு உரியதே. செடிக்குப் பொருந்தும் இந்த நியாயம் மனிதருக்குப் பொருந்தாதா?

மாணவர்களே, அடுத்த முறை நுவரெலியா செல்லும்போது செங்கல் தபாற் கந்தோரையும் கிறகரி வாவியையும் கண்குளிரப் பாருங்கள். அவற்றிலும் வரலாறு உண்டு. பிறகு சற்றே தலையை உயர்த்தி, எதிர்மலையில் கூடையுடன் நிற்கும் பெண்களையும் பாருங்கள். இந்நகரின் கதையில் எழுதப்படாத பாதி அங்கேதான் இருக்கிறது.