ஒரு டிக் அடிச்சா எல்லா பாக்ஸும் மாறுதா? எக்ஸெல் செக்பாக்ஸ் மேக்ரோவில் கவனிக்க வேண்டியவை!

கீழ்பென்னாத்தூரில் 15 பேர் கொண்ட ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த மாதத் தவணையை யார் கட்டினார்கள், யார் பாக்கி என்பதை எக்ஸெல்லில் டிக் அடிக்கிறார் கணக்கு எழுதும் அக்கா. முதல் பெயருக்கு டிக் போட்டதும் 15 பாக்ஸிலும் டிக் விழுகிறது! பணம் கட்டாதவர் கட்டியதாகவும், கட்டியவர் பாக்கி என்றும் பதிவானால் குழுவுக்குள் சண்டைதான். ஏன் இப்படி ஆகுது?

காரணம் என்ன?

டெவலப்பர் மெனுவில் இருந்து போடும் செக்பாக்ஸ் செல்லுக்குள் இருப்பதில்லை. ஷீட்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மிதக்கிறது. டிக் இருக்கா இல்லையா என்ற பதிலை அது எழுதும் இடம்தான் 'லிங்க்டு செல்'. முதல் பாக்ஸுக்கு டி2 என லிங்க் கொடுத்துவிட்டு காப்பி பேஸ்ட் செய்தால், எல்லா பாக்ஸும் டி2-வையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறுகிறது.

மேக்ரோ எப்படி உதவும்?

ஒவ்வொரு பாக்ஸுக்கும் கையால் லிங்க் கொடுக்க வேண்டாம். 'ஃபார் ஈச்' கட்டளை ஷீட்டில் உள்ள செக்பாக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுக்கும். 'டாப்லெஃப்ட்செல்' அந்த பாக்ஸ் எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லும். அதே வரிசையின் டி செல்லை 'லிங்க்டுசெல்' ஆக வைத்தால் போதும். நாலைந்து வரியில் வேலை முடிஞ்சிடும்.

ஒன்று கவனம்: பாக்ஸின் மேல் ஓரம் கொஞ்சம் மேல் வரிசைக்குள் ஏறியிருந்தாலும் லிங்க் அந்த வரிசைக்குப் போய்விடும்.

பலரும் செய்யும் தவறு

டிக் இருக்கிறதா என்று மேக்ரோவில் 'ட்ரூ' போட்டுப் பார்ப்பார்கள். வேலை செய்யாது. ஃபார்ம் கன்ட்ரோல் செக்பாக்ஸின் மதிப்பு டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் -4146. மேக்ரோவில் 'ட்ரூ' என்பது -1. அதனால் 1-உடன்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் லிங்க்டு செல்லில் மட்டும் ட்ரூ, ஃபால்ஸ் என்றே வரும். எத்தனை பேர் கட்டினார்கள் என்பதை அங்கிருந்து 'கவுண்ட்இஃப்' ஃபார்முலா போட்டு எண்ணிவிடலாம்.

பெயர்களை வரிசைப்படுத்தினால்?

பெயர்கள் இடம் மாறும், லிங்க் முகவரி மாறாது. ஒருவரின் டிக் இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய்விடலாம். இதைத் தவிர்க்க, ஃபார்மட் கன்ட்ரோலில் பாக்ஸ்கள் செல்லோடு நகராதபடி வையுங்கள். சார்ட் செய்யும்போது டி காலத்தையும் சேர்த்தே தேர்வு செய்யுங்கள்.

ஃபைலை அனுப்பும் முன்

* மேக்ரோ உள்ள ஃபைலை 'எக்ஸ்எல்எஸ்எம்' போன்ற மேக்ரோ ஏற்கும் வகையில்தான் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் மேக்ரோ காணாமல் போகும்.

* இணையத்தில் இருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. நம்பகமான ஃபைல் என்றால் மட்டும் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' கொடுங்கள்.

* மொபைல் எக்ஸெல் ஆப்பில் மேக்ரோ ஓடாது. கணினி தேவை.

* ஆக்டிவ்எக்ஸ் செக்பாக்ஸைத் தவிர்ப்பது நல்லது. ஆஃபீஸ் 2024-ல் அது தொடக்கத்திலேயே முடக்கப்பட்டுள்ளது.

மேக்ரோவே இல்லாமல் முடியுமா?

முடியும். மைக்ரோசாஃப்ட் 365-ல் 'இன்சர்ட்' மெனுவிலேயே இப்போது செக்பாக்ஸ் இருக்கிறது. இது செல்லுக்குள்ளேயே உட்காரும், லிங்க் தேவையில்லை. வெறும் டிக் பட்டியலுக்கு இதுவே போதும். பழைய எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு மேக்ரோ கைகொடுக்கும்.

எதைப் பயன்படுத்தினாலும், பட்டியலை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு பாக்ஸில் டிக் போட்டுப் பாருங்க. ஒரு பெயர் மட்டும் மாறினால் கணக்கு சரி!