தம்பி அண்ணனாகத் தெரிவது ஏன்?



அண்மையில் நீங்கள் சென்று வந்த நிக்காஹ் மஜ்லிஸ் ஒன்றைச் சற்றே நினைவிற்குக் கொண்டு வாருங்கள். மணமகனின் தந்தையும் அவருடைய தம்பியும் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இருவருக்கும் சலாம் கூறிவிட்டு, தம்பியிடம் திரும்பி, "நீங்கள்தானே மூத்தவர்?" என்று கேட்பார். "இல்லைங்க, அண்ணன் அவர். நான் இளையவன்" என்று அவர் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவார். சுற்றி இருப்போர் சிரிப்பார்கள். அவரும் உடன் சிரிப்பார். ஆனால், வீடு திரும்பிய பின் கண்ணாடி முன் நின்று அவர் தம் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பதை யாரும் காண்பதில்லை.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இக்காட்சி புதியதன்று. அண்ணன் சேலத்துக் கடைவீதியில் ஜவுளிக்கடை நடத்துபவராக இருப்பார். தம்பியோ முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுபவராக இருப்பார். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே சட்டிச் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள். ஆயினும் ஒருவர் வயதுக்கு இளையவராகவும், மற்றவர் வயதுக்கு மூத்தவராகவும் தோன்றுகின்றனர். இதற்குக் காரணம் யாது? "அவருக்கென்ன, கவலை இல்லாத மனிதர்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

பிறப்பின் பங்கு

தோற்றத்தில் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சில குடும்பங்களில் நாற்பத்தைந்து வயது வரை நரை எட்டிப் பார்ப்பதில்லை. சில குடும்பங்களில் இருபத்தைந்திலேயே காதோரம் வெளுத்துவிடும். 2016ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு முதியோரின் முகப்படங்களையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர்கள், எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் சில மாற்று வடிவங்களைப் பெற்றவர்கள் ஏறத்தாழ இரண்டு வயது மூத்தவர்களாகத் தோன்றுவதைக் கண்டனர். தோலின் நிறத்தோடு தொடர்புடைய மரபணு அது. ஆய்வில் பங்கு பெற்றவர்கள் ஐரோப்பியர்கள் என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

முகத்தின் சதைப்பற்றும் ஒரு காரணம். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு, தலையணைப் பஞ்சைப் போல முகத்தை நிரப்பிச் சுருக்கங்களை மறைக்கிறது. ஆதலால்தான் வட்டமுகம் உடையவர்கள் இளமையாகத் தோன்றுகின்றனர். சர்க்கரை நோய் முதலியவற்றால் விரைவில் உடல் மெலிந்தவர்கள் ஓராண்டிலேயே பத்து வயது கூடினாற்போல் காணப்படுகின்றனர். பற்களை இழந்தவர்களின் தாடை எலும்பு தேய்ந்து கன்னம் ஒடுங்குவதும் இத்தகையதே.

ஆனால், பிறப்பு மட்டுமே காரணமாயின், ஒரே கருவில் உருவான இரட்டையர் இறுதி வரை ஒன்றுபோலவே தோன்ற வேண்டுமல்லவா? அவ்வாறு நிகழ்வதில்லை. டென்மார்க் நாட்டு இரட்டையரைப் பற்றி 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்களின் முகத்தை முதுமையாகக் காட்டுபவை புகைபிடித்தல், வெயில், உடல் மெலிவு ஆகியவை என்று கண்டது. பெண்களிடத்திலோ உடல் மெலிவும் தாழ்ந்த சமூக நிலையும் முன்னே நின்றன. ஏழ்மையும் முகத்தில் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வலக்கன்னம் சொல்லும் கதை

இப்பொழுது லாரி ஓட்டும் தம்பியிடம் வருவோம். 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். பாடி கட்டும் பட்டறைகள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. சங்ககிரியும் லாரித் தொழிலை நம்பி வாழும் ஊரே. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. இவ்வட்டாரத்தில் ஓட்டுநர் இல்லாத தெருவைக் காண்பது அரிது.

நமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரின் முகத்தை நேருக்கு நேர் கூர்ந்து பாருங்கள். பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவராயின், அவருடைய வலக்கன்னம் இடக்கன்னத்தைவிடக் கறுத்தும் தடித்தும் இருக்கக்கூடும். வலக்கை முழங்கைக்குக் கீழே தனி நிறமாக இருக்கும். நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். ஜன்னல் வழியே வெயில் விழுவதும் அப்பக்கத்தில்தான்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது முதியவர் ஒருவரின் புகைப்படம் வெளியாயிற்று. அவர் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநர் அமர்வது இடப்பக்கம். அவருடைய முகத்தின் இடப்பாதி ஆழ்ந்த சுருக்கங்களோடு தொங்கிப் போயிருந்தது; வலப்பாதியோ பல வயது இளையவருடையதைப் போல் இருந்தது. ஒரே மனிதர், ஒரே உணவு, ஒரே உறக்கம், ஒரே கவலை. ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் இருந்த வேறுபாடு வெயில் ஒன்றே.

"ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் படாதே" என்று நீங்கள் எண்ணலாம். அங்குதான் நுட்பம் உள்ளது. வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர்களில் 'பி' வகை, 'ஏ' வகை என இரண்டு நம் தோலை வந்தடைகின்றன. தோலை எரிப்பது பெரும்பாலும் 'பி' வகை. அதைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. 'ஏ' வகையோ பக்கக் கண்ணாடியை ஊடுருவி வருவது. எரிச்சல் தராததால் அது படுவதை நாம் உணர்வதில்லை. அது தோலின் ஆழத்திற்குச் சென்று, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. முன்பக்கக் கண்ணாடி இரு அடுக்குகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால், 'ஏ' வகையையும் பெரிதும் தடுக்கிறது.

புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. ஓட்டுநர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் குளிர்ந்த கேபினிலும் பக்கக் கண்ணாடி வழியே 'ஏ' வகைக் கதிர் வரும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

நம் வட்டாரத்து வெயிலோ சாமானியமானதன்று. ஏப்ரல் 20ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்டு 22ஆம் நாளை ஒட்டியும் சேலத்தில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. கருமை நிறத் தோலில் உள்ள மெலனின் இயற்கை தந்த குடை. வெளுத்த தோலினரைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே விழுகிறது. ஆயின், முப்பது ஆண்டுகள் தொடர்ந்து காயும் வெயிலுக்கு முன் அக்குடையும் கிழிந்து போகும்.

உறக்கமும் புகையும்

வெயிலோடு முடிந்ததா ஓட்டுநரின் துன்பம்? இரவு முழுதும் விழித்து ஓட்டுகிறார். 2010ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் 23 பேரை நன்கு உறங்கிய பின் ஒரு முறையும், உறக்கம் கெடுத்த பின் ஒரு முறையும் படம் பிடித்து, 65 பேரிடம் காட்டினர். உறக்கம் இழந்த முகங்களைக் களைத்தவை, உடல்நலம் குன்றியவை என்று பார்த்தோர் மதிப்பிட்டனர். ஓர் இரவின் விளைவே இதுவாயின், ஆண்டுக்கணக்கில் விழித்தவரின் முகம் என்னாகும்?

விழித்திருக்கத் துணையாக வருவன பீடியும் புகையிலைப் பொட்டலமும். புகை, தோலுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, கொலாஜனைக் குறைக்கிறது, உதட்டைச் சுற்றிக் கோடுகள் விழச் செய்கிறது. பாக்கும் குட்காவும் மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாயைத் திறப்பதே அரிதாகும் நோய் வரலாம். அது புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

நம் பெண்மக்கள்

சகோதரிகளே! ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துச் சேகோ ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக்கிழங்கின் தோலை உரிப்போரும், வெட்டவெளிக் களத்தில் ஜவ்வரிசியைக் காய வைத்துக் கிளறி விடுவோரும் பெரும்பாலும் பெண்களே. மேலிருந்து விழும் வெயிலோடு, வெள்ளைக் களத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அவர்கள் முகத்தில் படுகிறது. நாம் நோன்பு திறக்கும் வேளையில் குடிக்கும் ஜவ்வரிசிப் பாயசத்தில் அப்பெண்களின் இளமையும் கரைந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணுகிறோம்?

வீட்டுக்குள்ளேயே இருப்போர்க்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நிழல் தோலைக் காக்கும். ஆனால், வெயிலே படாத உடலில் வைட்டமின் 'டி' குறைந்து எலும்பு வலுவிழக்கும். சூரியன் நன்கு உயர்ந்திருக்கும் பகல் வேளையில், மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சிறிது நேரம் கையும் காலும் வெயில் பட நிற்பது நல்லது. அடுத்தடுத்த பேறுகாலம், இரத்தசோகை, இரவுதோறும் அழும் குழந்தை ஆகியவற்றால் முப்பதிலேயே வாடிய முகத்தை நாம் 'கவனமில்லாதவள்' என்று பேசிவிடுகிறோம். அவளுக்கு வேண்டியது பேச்சன்று; நல்ல உணவும், இரத்தப் பரிசோதனையும், இரவில் குழந்தையை மாற்றி ஏந்த இரு கைகளும்தாம்.

களிம்பில் இளமை உண்டோ?

வாடிய முகத்தைக் கண்டு வருந்துவோரை நோக்கியே சிவப்பழகுக் களிம்புகள் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த டப்பா, அழகு நிலையத்தில் கொடுத்த பெயரில்லாத புட்டி என்று எத்தனையோ! சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் தோன்றும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அறிவித்தது.

பாதரசம் கலந்த களிம்போ இன்னும் கொடியது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது!

முகம் தரும் எச்சரிக்கை

தோற்றம் வெறும் அழகுச் செய்தி மட்டுமன்று. 2009ஆம் ஆண்டில் வெளியான டென்மார்க் ஆய்வில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 1,826 இரட்டையரைப் படம் பிடித்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்திருந்தனர். இரட்டையருள் மூத்தவராகத் தோன்றியவரே பெரும்பாலும் முதலில் இறந்தார். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஒரே ஆண்டளவில் பிறந்தவர்களை 38 வயதில் சோதித்தபோது, அவர்களுடைய உடலின் வயது 28 முதல் 61 வரை வேறுபட்டிருந்தது. உடல் விரைந்து மூப்படைந்தோரின் முகமும் மூத்தே காணப்பட்டது. 2015ஆம் ஆண்டில் வெளியான செய்தி இது.

இதனால் அஞ்சிவிட வேண்டியதில்லை. முகத்தை மட்டும் கொண்டு ஒருவரின் ஆயுளைக் கணிப்பவர் யாருமிலர். நரையும் வழுக்கையும் நோயின் அடையாளங்கள் அல்ல. அதேபோல், இளமையாகத் தோன்றும் அண்ணனும் இறுமாந்திருக்கலாகாது. நாளெல்லாம் கடையில் அமர்ந்திருப்பவரின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கண்ணாடி காட்டாது, பரிசோதனைதான் காட்டும்.

செய்யத்தக்கவை

ஓட்டுநர்களே, முழுக்கைச் சட்டை அணியுங்கள். வலத்தோளில் துண்டைப் போர்த்திக் கொள்ளுங்கள். இயன்றால் வெயில் தடுப்புக் களிம்பை மருத்துவரிடம் கேட்டு வலக்கன்னத்திலும் கழுத்திலும் பூசுங்கள். அது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டி உறங்குங்கள். களத்தில் உழைக்கும் பெண்களுக்கு ஆலை உரிமையாளர்கள் நிழற்பந்தலும், உச்சி வேளையில் ஓய்வும் தருதல் வேண்டும். புகையை விட்டவருக்கு எவ்வயதிலும் நன்மை உண்டு. பல் போனவர் பல் கட்டிக் கொள்ளலாம். இளம் வயதிலேயே நரைத்தவர் பி12 வைட்டமினையும் தைராய்டையும் சோதித்துப் பார்க்கலாம்.

மற்ற நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த மஜ்லிஸில் அந்தத் தம்பியைக் காணும்போது, "என்ன, இப்படி வயதாகிவிட்டது!" என்று கேட்காதீர்கள். அவருடைய முகத்தில் இருப்பது அவருடைய குற்றமன்று. பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், பெண்மக்களைக் கரையேற்றவும் அவர் வெயிலில் செலவிட்ட ஆண்டுகளே அங்கே தெரிகின்றன. அருகில் அமர்ந்து, "இரவில் உறங்குகிறீர்களா? சர்க்கரை பார்த்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள். மறுநாள் காலை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அண்ணனையும் உடன் கிளப்புங்கள். இருவருமே பரிசோதித்துக் கொள்ளட்டும்.