ஜிக்ஜாக் தையலும் துணியின் ஆயுளும்

பள்ளிச் சிறுவர்களின் சட்டைகள், துணி நைந்து போவதற்கு முன்னரே தையல் விட்டுப்போவதைப் பல குடும்பங்களில் காணலாம். வெட்டிய ஓரத்தில் நூல் சிறிது சிறிதாகப் பிரிந்து, பிசிறு தையல் வரையில் ஏறிவிடுவதே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். அவ்வோரத்தை முன்னதாகவே கட்டிவிடுவதற்கு ஜிக்ஜாக் தையல் மிகவும் உபயோகமானது. வீட்டில் யந்திரம் வைத்துத் தைக்கும் சகோதரிகள் பொருட்டு அதன் முறைகளை இங்கு விளக்குவோம்.

யந்திரத்தின் அமைப்பு

சாதாரண யந்திரத்தில் ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழும் இயங்கும். ஜிக்ஜாக் யந்திரத்தில் அது இடமும் வலமுமாக மாறி மாறி இறங்கும். அமெரிக்காவில் ஹெலன் பிளான்சார்ட் என்னும் அம்மையார் இவ்வகைத் தையலுக்குரிய யந்திரத்திற்கு 1873-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நேர்த்தையல் மட்டும் போடும் யந்திரத்தில் இதைச் செய்ய வேண்டுமாயின், துணியைப் பக்கவாட்டில் அசைக்கும் தனிக் கருவியொன்றைப் பொருத்த வேண்டும்.

இத்தையலை அகலம், நீளம் என்னும் இரண்டு திருகுகள் ஆளுகின்றன. ஊசி துணிக்குள் இருக்கும்போது அகலத் திருகைத் திருப்பலாகாது. ஊசித் தகட்டிலும் பாதத்திலும் உள்ள துளை அகலமானதாக இருத்தல் அவசியம். நேர்த்தையலுக்குரிய சிறு துளைத் தகட்டை வைத்து ஓட்டினால் ஊசி மோதி ஒடிந்துவிடும். ஆகையால் முதலில் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஊசி இருபுறமும் தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்க.

ஓரம் கட்டும் முறை

துணிகளை முதலில் நேர்த்தையலால் இணைக்க வேண்டும். உறுதி அதனால் வருவதே. பின்னர் அகலம் 3 முதல் 4 மில்லிமீட்டரும், நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருமாக வைத்து ஓரத்தில் ஓட்டுக. இடப்பக்கத்தில் ஊசி துணியில் இறங்கி, வலப்பக்கத்தில் ஓரத்தைச் சற்றே கடந்து இறங்க வேண்டும். அப்பொழுதுதான் நூல் ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும். மெல்லிய துணி சுருண்டால் அகலத்தைக் குறைத்து, மேல்நூலின் இறுக்கத்தையும் சிறிது தளர்த்துக. துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளையும். எதையும் அதே துணியின் வெட்டுத்துண்டில் பரீட்சித்த பிறகே உடுப்பில் தைப்பது நலம்.

பிற உபயோகங்கள்

பனியன் துணி இழுபடும்போது நேர்த்தையலின் நூல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையல் துணியோடு சேர்ந்து நெகிழும். எலாஸ்டிக் வைப்பதற்கும் இதுவே ஏற்றது. நீளத்தை அரை மில்லிமீட்டருக்கும் குறைத்து நெருக்கமாக ஓட்டினால் காஜா அமையும். சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுப்பது பல ஊர்களில் சிறு வருமானத்திற்கு வழியாக இருக்கிறது.

கடன் வாங்குமுன்

தமிழ்நாட்டில் பள்ளி மாணவரின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்து வருகின்றனர். இத்தகைய மொத்த வேலைக்கு ஓவர்லாக் யந்திரமே தக்கது. அது ஓரத்தை வெட்டிக்கொண்டே கட்டுவதால் வேகம் அதிகம். ஆனால் வீட்டு உடுப்புகளும் அண்டை வீட்டார் தரும் சில்லறை வேலையும் மட்டுமே உள்ளவர், அதற்காகக் கடன் படுவது விவேகமன்று. கையிலிருக்கும் யந்திரத்தில் ஜிக்ஜாக் வசதி இருக்குமாயின், அதை முழுவதும் பயன்படுத்துக. மாதந்தோறும் தையற்கூலியாக வரும் தொகையில் நூல், ஊசி, பழுதுச் செலவுகளைக் கழித்து எழுதி வருக. மிகுதியானது மாதத் தவணையைத் தாராளமாகத் தாங்குமென்று பல மாதக் கணக்கு காட்டிய பின்னரே புது யந்திரத்திற்குக் கடன் மனு எழுதலாம். யந்திரம் சம்பாதித்துத் தன் விலையைத் தானே தீர்க்க வேண்டும். குடும்பத்தின் அரிசிச் செலவில் கைவைத்துத் தவணை கட்டும் நிலை ஒருவருக்கும் நேரலாகாது.