பன்றிக்குத் தெரியாத வெளிச்சம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அவற்றுள்ளும் குறிப்பாக டெக்சாஸில், காட்டுப்பன்றிகளை இரவில் வேட்டையாடுவதற்கென்றே தனியொரு விளக்குச் சந்தை உருவாகியிருக்கிறது. துப்பாக்கியோடு பொருத்தும் பச்சை, சிவப்பு டார்ச்சுகளில் தொடங்கி, தீனி இயந்திரத்தின் அடியில் தொங்கவிடும் விளக்குகள், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிவீசிகள், பல ஆயிரம் டாலர் விலையுள்ள வெப்பப் படக்கருவிகள் வரை அந்தச் சந்தை விரிகிறது. இவற்றுள் விலை குறைந்த நிற விளக்குகள் பெரும்பாலும் ஒரே வாசகத்தோடு விற்பனைக்கு வருகின்றன: இந்த நிறம் பன்றியின் கண்ணுக்குத் தெரியாது என்பதே அது. பன்றியின் விழித்திரையை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், பச்சையைப் பொறுத்தவரை அந்த வாசகம் முழுப் பொய். சிவப்பைப் பொறுத்தவரை பாதி உண்மை.

அமெரிக்கக் காட்டுப்பன்றி அந்த மண்ணுக்குரிய விலங்கு அன்று. 1539இல் ஸ்பானியரான எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் கரையிறங்கியபோது உணவுக்காகக் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளில் தப்பியவையும், பின்னால் வந்த குடியேறிகள் திறந்த வெளியில் மேயவிட்டு வளர்த்தவையும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வேட்டைக்காகவே ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்டவையும் கலந்து பெருகிய கூட்டமே இன்று அந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது. வளர்ப்புப் பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே உயிரினம் என்பதால், ஆய்வகத்தில் ஒன்றின் கண்ணில் அளந்தது மற்றதற்கும் பொருந்தும். குறைந்தது 35 மாநிலங்களில் ஏறத்தாழ 60 லட்சம் பன்றிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. வேறெந்த மாநிலத்தையும்விட டெக்சாஸில் அவை அதிகம். சினைக்காலம் 115 நாள் அளவே என்பதாலும், ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் பிறப்பது வழக்கம் என்பதாலும், மக்காச்சோளம், நிலக்கடலை வயல்களை ஒரே இரவில் உழுததுபோல் கிளறிப்போடும் இந்த விலங்கின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த, அந்நாட்டு வேளாண் துறை 2014இல் தேசிய அளவிலான திட்டம் ஒன்றையே தொடங்க நேர்ந்தது. நில உடைமையாளரின் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் உரிமம் இல்லாமலே இவற்றைச் சுடலாம் என்று டெக்சாஸ் 2019இல் சட்டத்தைத் தளர்த்தியது. (இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசின் அனுமதியின்றித் தனியார் வேட்டைக்கு இடமில்லை.)

வேட்டை இரவுக்குத் தள்ளப்பட்டதற்கும் உடலியல் காரணம் உண்டு. உடல் வெப்பத்தைத் தணிக்கப் போதுமான வியர்வைச் சுரப்பிகள் பன்றிக்கு இல்லாததால், டெக்சாஸின் கோடையில் பகலெல்லாம் சேற்றிலோ புதர் நிழலிலோ கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அது மேய்ச்சலுக்கு வருகிறது. பகலில் துப்பாக்கிச் சத்தம் மிகுந்த பகுதிகளில் இந்த இரவுப் பழக்கம் மேலும் இறுகிவிடுகிறது.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகை: பகல் வெளிச்சத்தில் வேலை செய்து நிறத்தைப் பிரித்தறிய உதவும் கூம்பு செல்கள் ஒன்று, நிறம் அறியாமல், மிக மங்கிய ஒளியையும் உணரும் குச்சி செல்கள் மற்றொன்று. மனிதனுக்குக் கூம்பு செல்கள் மூன்று வகையாக இருக்க, பன்றிக்கு இரண்டே வகை. நைட்ஸ், ஜேக்கப்ஸ் ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அவற்றுள் ஒன்று 439 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியையும், மற்றொன்று 556 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை ஒளியையும் மிகக் கூர்மையாக உணர்கின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சந்தையில் கிடைக்கும் பச்சை எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளி 520, 530 நானோமீட்டரை ஒட்டியது. 500ஐ ஒட்டி உச்சத்தை அடையும் குச்சி செல்லுக்கும் 556இல் உச்சத்தை அடையும் கூம்பு செல்லுக்கும் நடுவே, இரண்டுமே நன்றாக உணரும் இடத்தில், அது விழுகிறது. பன்றியிடமிருந்து மறைக்க வேண்டிய ஒளிக்கு இதைவிடப் பொருத்தமற்ற நிறத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சிவப்பின் கதை சற்றுச் சிக்கலானது. சிவப்பு விளக்கு விலங்குகளின் கண்ணில் படாது என்ற நம்பிக்கை மான் வேட்டையிலும் நெடுநாளாகப் புழங்கிவருவது. வெள்ளைவால் மானின் நீண்ட அலைநீளக் கூம்பு செல் 537 நானோமீட்டரிலேயே உச்சத்தை எட்டிவிடுவதால், 630ஐ ஒட்டிய சிவப்பு அதன் கண்ணுக்கு உண்மையிலேயே மிக மங்கலாகத்தான் இருக்கும். பன்றியின் 556 என்ற உச்சமோ மனிதனின் சிவப்புணர் கூம்பு செல்லின் உச்சமான 560ஐ நெருங்குகிறது. சிவப்பு என்ற நிறத்தைப் பச்சையிலிருந்து பிரித்தறிய அதனால் இயலாவிட்டாலும், அது ஒரு வெளிச்சம் என்பதை அறிய அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆகவே மானுக்குச் சொன்னதை அப்படியே பன்றிக்கும் சொல்வது சரியாகாது.

இருந்தும் சிவப்புக்கு ஒரு நியாயமான பயன் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு வகுக்கப்பட்ட சர்வதேச அளவீட்டின்படி, பகல் பார்வையில் 530 நானோமீட்டர் பச்சை, 630 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய 3 மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது. குச்சி செல்கள் மட்டுமே இயங்கும் இருட்டுப் பார்வையிலோ அந்த வேறுபாடு 240 மடங்காகிவிடுகிறது. பாலூட்டிகளின் குச்சி செல் நிறமி பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைந்திருப்பதால் பன்றிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று கொள்ளலாம். அதாவது, கூம்பு செல்கள் விழித்துக்கொள்ளாத அளவுக்கு மங்கலாக வைத்திருக்கும்வரை சிவப்பு ஒளி இருட்டுக்குப் பழகிய பன்றியின் கண்ணில் ஏறத்தாழ இல்லாததற்குச் சமம். நேரே முகத்தில் பாய்ச்சினால் அந்தச் சலுகை போய்விடும். வேட்டைக்காரனுக்கும் இதில் ஆதாயம் உண்டு. முழு இருட்டுப் பார்வை திரும்ப அரைமணி நேரம் வரை பிடிக்கும் என்ற நிலையில், மங்கிய சிவப்பு விளக்கு அவன் கண்ணிலும் அந்தப் பழக்கத்தைக் கலைப்பதில்லை. ஆனால் 100 மீட்டருக்கு அப்பாலுள்ள கரிய விலங்கைத் தெளிவாகப் பார்க்க அதே மங்கலான சிவப்பு போதாது என்பதால்தான், பன்றிக்கு நன்றாகத் தெரியும் பச்சையே கடைகளில் அதிகம் விற்கிறது. உண்மையில் அது மனிதக் கண்ணுக்காக வாங்கப்படும் விளக்கு.

இரவு வேட்டையில் பன்றியைத் தனித்து நிறுத்தும் இன்னொரு பண்பை விளம்பரங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. மான், மாடு, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் எனப்படும் பளபளப்பான படலம் ஒன்று உண்டு. செல்களில் படாமல் கடந்துபோன ஒளியை அது திருப்பி அனுப்பி இரண்டாம் முறை உணரச் செய்வதால்தான், டார்ச் ஒளியில் அவற்றின் கண்கள் தீப்பொறிபோல் மின்னுகின்றன. பன்றிக்கு, மனிதனைப் போலவே, அந்தப் படலம் இல்லை. வயலோரத்தில் விளக்கை ஓட்டிப் பார்க்கையில் மான் கண்கள் கால் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் காட்டிக்கொடுத்துவிட, நடுவே நிற்கும் பன்றிக்கூட்டம் கிளறிய மண்ணோடு மண்ணாக இருந்துவிடக்கூடும். கண்ணின் மின்னலை நம்ப முடியாமல் உடலின் உருவத்தையே தேட வேண்டியிருப்பதால், பன்றி வேட்டைக்கு மற்ற வேட்டைகளைவிட வலுவான கற்றை தேவைப்படுகிறது.

அந்த வலுவை அளப்பதிலும் குழப்பம் உண்டு. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் லூமென் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் உமிழும் ஒளியின் மொத்த அளவு; ஒரே திசையில் அது எவ்வளவு செறிந்து பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. அமெரிக்காவில் 2009இல் வெளியான டார்ச் விளக்குத் தரநிலையின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது தெளிவான வானத்து முழுநிலவின் அளவாகக் குறையும் தொலைவே அதன் எட்டும் தூரம். வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். தூரத்தை இரட்டிப்பாக்க ஒளியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும், முழுநிலவொளியில் துப்பாக்கி பிடிப்பது எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், பெட்டியில் குறித்த தூரத்தில் பாதியை நம்புவதே விவேகம்.

நிறத்தைக் காட்டிலும் பன்றியை விரட்டுவது வெளிச்சம் திடீரென்று தோன்றுவதே. அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் இதனால் ஒளியைக் கூட்டிக்குறைக்கும் திருகுள்ள விளக்கையே தேர்ந்தெடுத்து, முதலில் கூட்டத்தின் தலைக்குமேல் வானை நோக்கி மிகக் குறைந்த அளவில் ஏற்றி, கற்றையின் நடுப்பகுதி படாமல் அதன் மங்கிய விளிம்பு மட்டும் முதுகில் படும்படி மெல்லத் தாழ்த்துகிறார்கள். மக்காச்சோளத்தைக் குறித்த நேரத்தில் சிதறும் தீனி இயந்திரங்களின் அடியில் தொங்கும் விளக்குகளும் இதே தத்துவத்தில் இயங்குபவை. பகலில் சூரிய ஒளியில் மின்னேறி, அசைவை உணர்ந்ததும் படிப்படியாகப் பிரகாசமடையும் அந்த விளக்கு நாள்தோறும் எரிந்துகொண்டிருந்தால், கூட்டம் அதைத் தீனியோடு சேர்த்தே பழகிக்கொள்கிறது. பச்சை விளக்கின்கீழ் பன்றி ஓடாமல் நிற்பது அது பச்சையைப் பார்க்காததால் அன்று. பார்த்தும் அஞ்சக் காரணம் இல்லாததால். அதே வெளிச்சத்தில் ஒருமுறை துப்பாக்கி வெடித்துவிட்டால், தப்பிய பன்றிகளுக்கு அந்தக் காரணம் கிடைத்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டு விலகுவதே இதற்கு மாற்றுவழி. 1945இல் ஓகினாவா போரில் அமெரிக்கப் படை துப்பாக்கிமேல் பொருத்திப் பயன்படுத்திய அகச்சிவப்புக் கருவியின் வழித்தோன்றலான ஒளிபெருக்கி, உள்ளே வரும் சொற்ப ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி, லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட தகட்டில் அவற்றைப் பல்லாயிரம் மடங்காகப் பெருக்கி, ஒளிரும் திரையில் மீண்டும் படமாக்குகிறது. நிலவில்லா இரவில் பெருக்குவதற்கும் ஒளி போதாமற் போவதால், அதற்குத் துணையாக அகச்சிவப்பு ஒளிவீசி ஒன்று வேண்டியிருக்கிறது. 850 நானோமீட்டர் வீசி நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் முகப்பில் மங்கிய செம்மை கசிவதை உற்றுப் பார்த்தால் மனிதக் கண்ணே கண்டுகொள்ளும். 940 நானோமீட்டரில் அந்தக் கசிவு இல்லை. ஆயின் மூன்றாம் தலைமுறை ஒளிபெருக்கிகளிலுள்ள காலியம் ஆர்சனைடுப் படலத்தின் உணர்திறன் 900ஐ ஒட்டியே விழுந்துவிடுகிறது. சிலிக்கான் உணரி கொண்ட டிஜிட்டல் கருவிகளே அதைப் பயன்படுத்த முடியும். அவற்றிலும் எட்டும் தூரம் குறைவு.

வெப்பப் படக்கருவிக்கோ விளக்கே தேவையில்லை. உயிருள்ள உடல் தானாகவே 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் கதிர்வீசிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கண்ணாடி அதை ஊடுருவவிடாது என்பதால் ஜெர்மேனியம் வில்லையால் அது குவிக்கப்பட்டு, சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் வனேடியம் ஆக்சைடுப் புள்ளிகளின்மேல் விழச் செய்யப்படுகிறது. 1980களில் ஹனிவெல் நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவாக்கிய இந்த நுட்பம் 1992இல்தான் இரகசியப் பட்டியலிலிருந்து வெளிவந்தது. வயலின் மறுகோடியில் நிற்கும் கூட்டத்தை எந்த ஒளியும் வீசாமல் எண்ணிவிட உதவும் இக்கருவிக்கும் குறைகள் உண்டு: பனிமூட்டத்திலும் மழையிலும் படம் கலங்கும், சேற்றில் புரண்டுவந்த பன்றியின் உடல் ஆங்காங்கே சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும், எல்லாவற்றுக்கும் மேலாக, அது காட்டுவது வெப்பத்தின் வடிவத்தை மட்டுமே. புல்லுக்குள் படுத்திருக்கும் கன்றுக்குட்டியும் பக்கத்துப் பண்ணையின் நாயும் தொலைவில் ஒரு வெள்ளைத் திட்டாகவே தெரிவதால், வெப்பக்கருவியால் தேடி, வேறொரு வெளிச்சத்தால் உறுதிசெய்த பிறகே சுடுவது என்ற வழக்கத்தைப் பொறுப்புள்ளவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

இத்தனை செலவையும் ஒரு காற்று வீணாக்கிவிடலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பன்றியின் மரபணுத் தொகுதியில் மணம் உணரும் மரபணுக்கள் 1,300 அளவில் இருக்கின்றன. மனிதனிடம் இயங்கும் நிலையில் உள்ளவை ஏறத்தாழ 400. கண் கூர்மையில் பின்தங்கிய இந்த விலங்கை அணுக, எந்த விளக்கை ஏந்தினாலும் காற்றுக்கு எதிர்த்திசையில்தான் நடந்தாக வேண்டும்.

எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம் என்றால் துப்பாக்கி சரியான கருவிதானா என்ற கேள்வியும் அமெரிக்காவில் எழுந்திருக்கிறது. ஓரிரண்டைச் சுட்டதும் மீதிக் கூட்டம் சிதறிப் புதிய இடங்களுக்குப் பரவி, பொறிக்கும் சிக்காமல் போய்விடுகிறது என்ற காரணத்தால், மிசூரி மாநிலத்தின் வனப் பாதுகாப்புத் துறை 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடைசெய்தது. அதற்கு மாற்றாக, ஒரு குடும்பக் கூட்டம் முழுவதையும் ஒன்றாக அடைக்கும் கம்பிவேலிப் பொறிகள் நிறுவப்படுகின்றன. அவற்றைக் கண்காணிக்கும் கேமராக்களில் 940 நானோமீட்டர் விளக்குகளைப் பொருத்துவதுண்டு. துப்பாக்கித் தொலைநோக்கிக்குப் போதாத அந்த ஒளி, சில மீட்டர் தொலைவில் சிலிக்கான் உணரிக்குப் போதுமானதாகிவிடுகிறது. தாய்ப்பன்றியோடு கடைசிக் குட்டியும் உள்ளே நுழைந்துவிட்டதைக் கைபேசித் திரையில் உறுதிசெய்துகொண்ட பிறகே, வீட்டிலிருந்தபடி பொறியின் கதவு இறக்கப்படுகிறது.