ஆற்றங்கரை வீடு கற்பிக்கும் பாடம்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வரலாறு தங்கியிருக்கும் இடமும் ஆகும். இவ்வுண்மையை உணர்த்தும் வீடு ஒன்று மலாக்கா நகரில் உள்ளது. அதன் பெயர் வில்லா செந்தோசா. மலாய் மொழியில் ‘செந்தோசா’ என்றால் அமைதி என்பது பொருள். வடமொழியிலிருந்து மலாய் மொழிக்குச் சென்ற சொல் அது. நாம் நாள்தோறும் வழங்கும் ‘சந்தோஷம்’ என்னும் சொல்லும் அதே மூலத்திலிருந்து வந்ததே.

இவ்வீடு கம்போங் மோர்ட்டன் என்னும் மலாய்க் கிராமத்தில் இருக்கிறது. மலாக்கா ஆறு வளைந்து செல்லும் இடத்தில், நகரின் உயர்ந்த கட்டடங்களுக்கு அருகிலேயே இக்கிராமம் அமைந்துள்ளது. 1920-களில் மக்கள் இங்கே குடியேறினர். அவர்கள் நிலம் பெறுவதற்கு உதவிய மோர்ட்டன் என்ற ஆங்கிலேய நில அதிகாரியின் பெயரே ஊரின் பெயராயிற்று. வில்லா செந்தோசாவும் அக்காலத்தில் எழுந்ததே.

மலாக்காவின் பழைய மலாய் வீடுகளில் பல நுட்பங்கள் அடங்கியுள்ளன. வீடு தரையிலிருந்து உயர்த்தி, தூண்களின் மேல் அமைக்கப்படும். இதனால் வெள்ளமும் ஈரமும் அணுகா. அடியில் காற்றும் தாராளமாக உலாவும். வாயிற்படிகளில் வண்ண ஓடுகளைப் பதித்திருப்பார்கள். அவற்றின் மேல் ஏறினால் ‘செராம்பி’ என்னும் முன்கூடம் வரும். விருந்தினர் அமர்வது அங்கேதான். நம் ஊர்த் திண்ணையை அது நினைவூட்டும். அதற்கு அப்பால் ‘ரூமா இபு’ உள்ளது. ‘இபு’ என்றால் தாய். ஆகவே, வீட்டின் நடுப்பகுதிக்குத் ‘தாய் வீடு’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்! அடுக்களை அதற்கும் பின்னால் இருக்கும்.

சன்னல்கள் ஏறத்தாழ தரைவரை நீண்டிருக்கும். பாயில் அமர்ந்திருப்போர் மீதும் காற்றுப்பட வேண்டும் என்பதே காரணம். கூரை செங்குத்தாகச் சரிந்திருப்பதால் பெருமழை தங்காது வழிந்துவிடும். சூடான காற்று மேலெழுந்து, மரப்பலகைகளில் செதுக்கிய துளைகள் வழியே வெளியேறும். மின்விசிறி இல்லாத காலத்திலும் வீடு குளிர்ச்சியாய் இருந்ததன் இரகசியம் இதுவே.

கம்போங் மோர்ட்டன் பாதுகாக்கப்படும் மரபுக் கிராமமாகும். மலாக்கா மாநிலம் பண்பாட்டு மரபுடைமைகளைக் காப்பதற்கென 1988-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. சட்டம் வீட்டை இடிக்காமல் தடுக்கும். ஆனால், சட்டம் வீட்டைக் கூட்டிப் பெருக்குமா? ஒழுகும் கூரையை மாற்றுமா? கறையான் அரிக்கும் தூணைக் கவனிக்குமா? ஆள் புழங்காத மரவீடு சில ஆண்டுகளிலேயே பாழாகிவிடும்.

வில்லா செந்தோசாவின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. வீட்டைக் கட்டியவரின் வழிவந்தோர் அதை விட்டு நீங்கவில்லை. தாங்கள் வாழும் வீட்டையே அரும்பொருளகமாக்கி, வருவோரை வரவேற்று, பழைய பீங்கான்களையும் திருக்குர்ஆன் பிரதியையும் தாங்களே காட்டி விளக்கி வந்தனர். பேரனின் வாயிலாகப் பாட்டனின் கதையைக் கேட்பதுபோன்ற பயன், கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிய பொருளால் கிடைக்குமா?

மாணவச் செல்வங்களே, இதை நாம் ஏன் அறிய வேண்டும்? நம் பாட்டன்மார் வாழ்ந்த தோட்டத்து லயங்களுக்கு வண்ணப் படிகளும் இல்லை. செதுக்கு வேலைப்பாடும் இல்லை. அவை அவர்களுக்குச் சொந்தமாகவும் இருந்ததில்லை. ஆகவே, தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பல லயங்கள் சுவடின்றி மறைந்தன. அவ்வீடுகளை மீட்பது நம்மால் இயலாது. ஆனால், அவற்றின் கதைகளைக் காப்பது இயலும்.

இன்றிரவே தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள். லயத்தில் எத்தனை பேர் ஓர் அறையில் உறங்கினர், தண்ணீர் எங்கிருந்து வந்தது, விடியலில் பிரட்டுக்கு எப்போது எழுந்தனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோர்களே, மூலையில் கிடக்கும் பழைய பால்வாளியையும் மங்கையும் உளியையும் தூக்கி எறியாதீர்கள். அவை நம் குடும்பங்களின் அரும்பொருள்கள்.

வீட்டைக் காப்பது சுவரன்று. அதில் வாழ்வோரின் நினைவே. ஆற்றங்கரை வீடு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.