அதிகச் சம்பளமா? குடும்பமா?

புனே நகரில் வானவடி என்று ஒரு பகுதி இருக்கிறது. இராணுவ மருத்துவக் கல்லூரி அங்கேதான் உள்ளது. இராணுவத்தில் வேலை செய்யும் பல குடும்பங்கள் அந்தப் பக்கம் வசிக்கின்றன. பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும் உண்டு. தமிழ்க் குடும்பங்களும் புனேயில் பல தலைமுறையாக வாழ்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். வேறு ஊரில் அதிகச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கிறது. போவதா, வேண்டாமா? போனால் பணம் வரும். ஆனால் பிள்ளை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது. வயதான அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடி வர முடியாது. நெடுநாளாக மனதில் இருக்கும் ஆசையையும் தள்ளிப் போட வேண்டும்.

சிலர் நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்? தெரிந்துகொள்வோம்.

தபால் அட்டையால் கிடைத்த வேலை

1974ஆம் ஆண்டு. பெங்களூரில் சுதா என்ற பெண் பொறியியல் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அப்போது டெல்கோ கம்பெனியின் வேலை விளம்பரம் ஒன்றைப் பார்த்தார். டெல்கோ என்பது லாரி தயாரிக்கும் பெரிய கம்பெனி. டாடா குழுமத்தைச் சேர்ந்தது. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அந்த விளம்பரத்தில் போட்டிருந்தது.

சுதாவுக்குக் கோபம் வந்தது. ஒரு தபால் அட்டை எடுத்தார். இது நியாயமா என்று கேட்டு, டாடா குழுமத்தின் தலைவர் ஜே. ஆர். டி. டாடாவுக்கே எழுதினார். கம்பெனி அவரைப் புனேவுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. வேலையும் கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்த முதல் பெண் பொறியாளர் அவர்தான்.

இப்படிப் போராடி வாங்கிய வேலையை 1982இல் சுதாவே விட்டார். ஏன்?

அவருடைய கணவர் நாராயணமூர்த்தி. அவரும் நல்ல வேலையில் இருந்தவர்தான். சொந்தமாக ஒரு கணினிக் கம்பெனி தொடங்க வேண்டும் என்பது அவருடைய கனவு. கையில் பணம் இல்லை. சுதா வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1981இல் ஏழு பேர் சேர்ந்து இன்ஃபோசிஸ் கம்பெனியைப் புனேயில் தொடங்கினார்கள். குடும்பம் மும்பையில் இருந்து புனேவுக்கு வந்தது. அதற்காகத்தான் சுதா டெல்கோ வேலையை விட்டார். அப்போது அவர்களுக்குச் சிறு குழந்தையும் இருந்தது.

வீடே அலுவலகம் ஆனது. ஒரு தொலைபேசி வாங்கவே ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்களா?

இல்லை. இதை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சேமிப்பு இருந்தது. இரண்டாவது, கெடு இருந்தது. மூன்று வருடம் நீங்கள் முயற்சி செய்யுங்கள், வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சுதா கணவரிடம் சொன்னார். மூன்றாவது, வருமானம் நிற்கவில்லை. சுதா புனேயில் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது.

ஒரு கால் ஆற்றில் இறங்கியபோது, இன்னொரு கால் கரையில் ஊன்றி இருந்தது.

இன்ஃபோசிஸ் பிறகு மிகப் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. ஆனால் அதை மட்டும் பார்த்து நாம் மயங்கக் கூடாது. அப்படித் தொடங்கி மூடிப்போன கம்பெனிகள் எத்தனையோ. அவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. எனவே கடைசியில் என்ன கிடைத்தது என்பதை விட, தொடக்கத்தில் என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

விட்டுக்கொடுத்தது யார்?

இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. சுதாவுக்கும் இன்ஃபோசிஸில் சேர ஆசை இருந்தது. கணவன், மனைவி இருவரும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டாம் என்று நாராயணமூர்த்தி சொல்லிவிட்டார். சுதா ஒதுங்கிக்கொண்டார். பிறகு 1996இல் தொடங்கிய இன்ஃபோசிஸ் அறக்கட்டளையில் பணி செய்தார். நிறையப் புத்தகங்கள் எழுதினார். 2024இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார்.

அதே 2024இல் ஒரு பேட்டியில் நாராயணமூர்த்தி, அன்று தாம் எடுத்த முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டார். இதைச் சொல்ல நாற்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

குடும்பத்துக்காக என்று சொல்லும்போது, பெரும்பாலும் பெண்தான் தன் வேலையை விடுகிறார். அவருடைய கனவு கணக்கில் வருவதே இல்லை. குடும்பம் என்றால் அதில் அவரும் சேர்த்திதான்.

அரசு வேலையை விட்ட டாக்டர்

இப்போது சென்னைக்கு வருவோம். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அங்கே 12 படுக்கைகள்தான் இருந்தன. புற்றுநோய் என்றாலே பிழைக்க வழியில்லை என்று மக்கள் பயந்த காலம்.

சாந்தா என்ற இளம் மருத்துவருக்கு அப்போது அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. அரசு வேலை என்றால் நிலையான சம்பளம், மதிப்பு, பாதுகாப்பு எல்லாம் உண்டு. அவர் அதை வேண்டாம் என்றார். 1955இல் அடையாறு மருத்துவமனையில் சேர்ந்தார். சம்பளம் மிகக் குறைவு. ஆனால் தங்குவதற்கு அந்த வளாகத்திலேயே இடம் கொடுத்தார்கள். இங்கும் ஒரு கால் கரையில் இருந்ததைப் பாருங்கள்.

2021இல் இறக்கும்வரை அவர் அந்த மருத்துவமனைக்காகவே வாழ்ந்தார். அது வளர்ந்து, நாட்டின் முக்கியமான புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றானது. ஏழை நோயாளிகள் பலர் அங்கே உயிர் பிழைத்தார்கள். அவருக்கு 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் கிடைத்தன.

நாம் எப்படிக் கணக்குப் போடுவது?

அவர்கள் படித்தவர்கள், நமக்கு இது ஒத்து வருமா என்று தோன்றலாம். நம் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

வானவடியில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். மும்பையில் 30,000 ரூபாய்க்கு வேலை வருகிறது. 12,000 ரூபாய் அதிகம். கேட்டதும் ஆசை வரும். ஆனால் செலவையும் எழுத வேண்டும்.

அறை வாடகை 4,000 ரூபாய்.
சாப்பாடு 5,000 ரூபாய்.
ஊருக்கு வந்துபோக 1,500 ரூபாய்.
மொத்தச் செலவு 10,500 ரூபாய்.

அதிகம் வரும் 12,000இல் இது போனால் மீதி 1,500. வீட்டில் அவருடைய சாப்பாட்டுச் செலவு 2,000 குறையும். அதையும் சேர்த்தால் உண்மையான லாபம் 3,500 ரூபாய்தான்.

இன்னும் கணக்கு முடியவில்லை. அவருடைய மனைவி இட்லிக் கடை போட்டு மாதம் 4,000 சம்பாதிக்கிறார். கணவர் போய்விட்டால் பிள்ளைகளையும் மாமியாரையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். கடையை மூட வேண்டி வந்தால்? 3,500 வருகிறது, 4,000 போகிறது. பிரிந்து இருந்து 500 ரூபாய் நஷ்டம்!

எல்லோருக்கும் இதே விடை வராது. கழுத்தை நெரிக்கும் வட்டிக் கடன் இருக்கலாம். புது வேலையில் சாப்பாடும் இடமும் சும்மா கிடைக்கலாம். அப்போது போவதுதான் சரியாக இருக்கும். போகிறவர் குடும்பத்தின் மேல் பாசம் இல்லாதவர் அல்ல. ஆனால் எத்தனை மாதம் என்று கெடு வைத்துக்கொண்டு போக வேண்டும். கடன் அடைந்ததும் திரும்ப வேண்டும்.

தாளை எடுங்கள்

இப்போது நமக்கு எழுதத் தெரியும். எனவே இதை மனக்கணக்காக விட வேண்டாம். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள்.

ஒரு பக்கம் பணத்தால் எண்ணக் கூடியதை எழுதுங்கள். சம்பளம், வாடகை, சாப்பாடு, பயணம், கடன். மறுபக்கம் பணத்தால் எண்ண முடியாததை எழுதுங்கள். பிள்ளையின் படிப்பு, பெரியவர்களின் உடல்நிலை, உங்கள் ஆசை, உங்கள் துணையின் ஆசை. வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும். பிறகு முடிவு செய்யுங்கள்.

சேர்ந்து பேசுங்கள்

1. டெல்கோ வேலையை விட்டபோது சுதாவின் குடும்பம் என்னென்ன ஏற்பாடு செய்திருந்தது?
2. வேன் ஓட்டுநர் மும்பைக்குப் போகலாமா? ஏன்?
3. உங்கள் வீட்டில் குடும்பத்துக்காகத் தன் கனவை விட்டவர் யார்? அந்தக் கனவு என்ன என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?