அலுமினியத்துக்கு எந்தச் சட்டை?

பாசிர் கூடாங்கில் ஒரு சனிக்கிழமை மாலை. உங்கள் மாமா பல மாதங்களாகப் புதுப்பித்து வரும் பழைய புரோட்டோன் சாகாவின் முன்மூடி திறந்து கிடக்கிறது. 1985 ஜூலையில் அறிமுகமான மலேசியாவின் முதல் தேசியக் கார் அது. எஞ்சினிலிருந்து கழற்றிய சில அலுமினிய பாகங்கள் மேசைமேல் இருக்கின்றன. அவற்றின் மேல் வெள்ளையாக ஏதோ தூள் பூத்திருக்கிறது.

"அடுப்புக் கறை நீக்கும் திரவம் இருக்கிறதே, அதை ஊற்றித் தேய்த்தால் வெள்ளி மாதிரி ஆகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

ஊற்ற விடாதீர்கள்! பழைய காரின் பாகம் பாழானால் இன்னொன்று கிடைப்பது சுலபமல்ல. கண்ணுக்கும் ஆபத்து. ஏன் என்று தெரிந்துகொண்டால், அந்தப் பாகங்களுக்கு என்ன பூச்சு நல்லது என்பதையும் நீங்களே சொல்லிவிடலாம்.

தானே போட்டுக்கொள்ளும் சட்டை

உலோகங்களின் வினைபுரி வரிசையை நினைத்துப் பாருங்கள். அலுமினியம் அதில் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் மேலே இருக்கிறது. அப்படியானால் இரும்பைவிட வேகமாக அது அரித்துப்போக வேண்டும். ஆனால் வீட்டு அலுமினியச் சட்டி இருபது ஆண்டுகள் உழைக்கிறதே?

காற்று பட்டதுமே அலுமினியத்தின் மேல் அலுமினிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடுகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70,000 நானோமீட்டர் என்றால், இது எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். இரும்பின் துரு செதில் செதிலாக உதிரும். இந்தப் படலமோ உலோகத்தை இறுக்கப் பற்றிக்கொண்டு, அடுத்த ஆக்சிஜனை உள்ளே விடாமல் தடுக்கிறது. கீறினால் அந்த இடத்தில் உடனே புதிதாக வளர்ந்துவிடுகிறது.

இந்தச் சட்டைக்கு முக்கியமான எதிரிகள் இரண்டு.

முதல் எதிரி, கடுமையான காரமும் அமிலமும். அடுப்புக் கறை நீக்கிகள் பலவற்றில் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. அலுமினிய ஆக்சைடு ஈரியல்பு கொண்டது. அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். காஸ்டிக் சோடா முதலில் சட்டையைக் கரைக்கும். பிறகு உலோகத்தையே தின்னத் தொடங்கும். அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாகும். கலவை சூடாகித் தெறிக்கும். பாகம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும்.

இரண்டாவது எதிரி, உப்பு. ஜொகூரின் வரைபடத்தைப் பாருங்கள். மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். மூன்று பக்கமும் கடல். கடற்காற்றிலுள்ள உப்பின் குளோரைடு அயனிகள், ஆக்சைடு படலம் பலவீனமாக உள்ள இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போடும். அந்த இடத்தில் மட்டும் அரிப்பு ஆழமாக இறங்கும். வெளியே தெரியும் வெள்ளைத் தூளில் பெரும்பகுதி அலுமினிய ஹைட்ராக்சைடு.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஜொகூரின் தென்கிழக்கு மூலையில், பெங்கேராங் பகுதியிலுள்ள தெலுக் ரமுனியாவில் ஒரு காலத்தில் பாக்சைட் தோண்டி எடுத்தார்கள். அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டில் இருப்பதும் இதே அலுமினிய ஹைட்ராக்சைடுதான். 1886இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எருவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த மின்பகுப்பு முறையால், ஏராளமான மின்சாரம் செலவழித்துத்தான் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கிறோம். அது தன் பழைய மண் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. மாமாவின் எஞ்சினில் பூத்திருப்பது அந்தத் திரும்பும் பயணம். அதைத் தாமதப்படுத்துவதுதான் பூச்சின் வேலை. அழகு அடுத்த கணக்கு.

முதலில் மூன்று கேள்விகள்

ஒன்று: இது அலுமினியம்தானா? காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்புத் தகடு. அதற்குத் துருவைத் தடுக்கும் பெயிண்ட் வேண்டும்.

இரண்டு: வார்ப்பா, கடைசலா? எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டவை. உருகிய உலோகம் அச்சு முழுக்க ஓட வேண்டும் என்பதற்காக அதில் சிலிக்கான் சேர்ப்பார்கள். சில கலவைகளில் அது 10 சதவீதத்துக்கும் மேல். கடைகளில் விற்கும் பந்தய உதிரிப்பாகங்கள் சில, கட்டி அலுமினியத்திலிருந்து கடைந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் சிலிக்கான் மிகக் குறைவு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது சற்று நேரத்தில் புரியும்.

மூன்று: எவ்வளவு சூடாகும்? எண்ணெயும் குளிர்நீரும் படும் பாகங்கள் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். புகைபோக்கிக்கு அருகில் இருப்பவை அதைவிடச் சூடாகும். சாதாரண ஸ்பிரே பெயிண்ட் அங்கே மஞ்சளாகி உரிந்துவிடும்.

எந்தச் சட்டை?

மெருகு: தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவது. பார்க்க அழகு. ஆனால் மெருகு ஒரு பூச்சே அல்ல. பழைய மெல்லிய ஆக்சைடுதான் மீண்டும் காவலுக்கு நிற்கிறது. கடலோர ஊரில் அடிக்கடி துடைத்துக்கொண்டே இருந்தால்தான் பளபளப்பு நிற்கும்.

எஞ்சின் பெயிண்ட்: வெப்பம் தாங்கும் பெயிண்ட். செலவு குறைவு, வீட்டிலேயே அடிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக்கூடாது. அலுமினியத்துக்கென்று உள்ள அடிப்பூச்சும் வேண்டும். வழுவழுப்பான ஆக்சைடின் மேல் பெயிண்ட் நேராகப் பிடிக்காது.

பவுடர் கோட்டிங்: நிலைமின்னூட்டம் ஏற்றிய பிளாஸ்டிக் தூளைப் பாகத்தில் ஒட்டவைத்து, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி வரையுள்ள அடுப்பில் உருக்கிப் படியவைப்பது. பெயிண்டைவிடத் தடிமன், உறுதி. பட்டறையில்தான் செய்ய முடியும். ஆழமாகக் கீறல் விழுந்தால் உப்புநீர் அடியில் புகுந்து பூச்சைக் கொப்பளிக்க வைக்கும்.

அனோடைசிங்: வெளியிலிருந்து எதையும் பூசாமல், அலுமினியத்தின் சொந்தச் சட்டையையே தடிமனாக்குவது. பாகத்தைக் கந்தக அமிலக் கரைசலில் தொங்கவிட்டு நேர்மின்வாயாக இணைத்து நேர்திசை மின்னோட்டம் செலுத்துவார்கள். ஆக்சைடு 10, 20 மைக்ரான் வரை வளரும். இயற்கைப் படலத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு தடிமன். அதில் தேன்கூடு போன்ற நுண்துளைகள் இருக்கும். சாயத்தில் முக்கினால் நிறம் துளைக்குள் இறங்கும். பிறகு கொதிநீரில் வைத்தால் துளைகள் மூடிக்கொள்ளும்.

இந்த முறை பிறந்ததே உப்புக்கு எதிராகத்தான். 1923இல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர், கடல்விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காக்க இதைத் தொழிலாக நடத்திக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது குரோமிக் அமிலம்; கந்தக அமில முறை பின்னால் வந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் அனோடைஸ் செய்துவிடலாமே? இங்கேதான் இரண்டாவது கேள்வி கைகொடுக்கிறது. சிலிக்கான் அலுமினிய ஆக்சைடாக மாறாது. அதனால் வார்ப்புப் பாகங்களில் நிறம் திட்டுத்திட்டாக, சாம்பல் படிந்து வரும். கடைசல் பாகத்தில் அழகாக வரும் சிவப்போ நீலமோ வார்ப்பில் வராது.

மறக்கக்கூடாதவை

எந்தப் பூச்சானாலும் கேஸ்கட் உட்காரும் தளம், மரை ஓட்டைகள், தாங்கிகள் உட்காரும் இடம் ஆகியவற்றை மறைத்துவிட்டே பூச வேண்டும். அங்கே சில மைக்ரான் கூடினாலும் பொருத்தம் கெடும். எர்த் கம்பி தொடும் இடமும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். ஆக்சைடும் பெயிண்டும் மின்சாரத்தைக் கடத்தாது. மூடிவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.

பாகத்தைச் சுத்தம் செய்யக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சுவது உண்டு. வால்வு மூடியின் உட்புறத்தில் தடுப்புத் தகடு இருந்தால் மணிகள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிறகு எண்ணெயில் கலந்து எஞ்சினையே அறுத்துவிடும். உள்ளே போகாதபடி அடைக்க முடியவில்லை என்றால் அந்த முறையே வேண்டாம்.

இப்போது மாமாவிடம் என்ன சொல்வீர்கள்? வார்ப்புப் பாகங்களை மென்மையான சோப்பு நீரில் கழுவி, அடிப்பூச்சோடு எஞ்சின் பெயிண்ட் அடிக்கலாம். பணம் இருந்தால் பவுடர் கோட்டிங் செய்யலாம். புதிதாக வாங்கும் கடைசல் பாகங்களுக்கு அனோடைசிங். மெருகு வேண்டுமென்றால் துடைக்கப் பொறுமையும் வேண்டும்.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிக் குவளைகளையும் மூன்று அலுமினியத் தாள் துண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குவளையில் வெறும் தண்ணீர். மற்ற இரண்டிலும் உப்புநீர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போடுங்கள். மூன்றாவது துண்டில் மட்டும் உறை நீக்கிய செம்புக் கம்பியைச் சுற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துத் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எதில் அரிப்பு அதிகம்? வேறொரு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியத்துக்கு என்ன ஆகிறது? விடை தெரிந்ததும், அலுமினிய பாகத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை முடுக்குமுன் மெக்கானிக்குகள் ஏன் அதற்கென்று ஒரு கிரீஸ் தடவுகிறார்கள் என்பதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.